கம்பி வராத காலத்தின் எஞ்சின்: சேலம், நாமக்கல் சமவெளியில் டீசல் இழுவையின் எழுச்சியும் இறக்கமும்

இந்திய இருப்புப்பாதையின் நூற்றெழுபது ஆண்டு வரலாற்றில் டீசல் எஞ்சின் எண்ணிக்கையில் முதலிடம் வகித்த காலம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளே. 1853-இல் பம்பாய்க்கும் தானேவுக்கும் இடையே முதல் பயணி ரயில் ஓடியது முதல் 1980களின் பிற்பகுதி வரை நீராவி எஞ்சின்களே மிகுதியாக இருந்தன. 2010களின் இறுதியில் மின்சார எஞ்சின்கள் டீசலை முந்திச் சென்றன. இவ்விரண்டுக்கும் நடுவிலிருந்த குறுகிய காலத்தில் டீசல் எவ்வாறு மேலெழுந்தது, ஏன் இறங்கியது என்பதை ஒரு வட்டாரத்தின் பாதைகளைக் கொண்டு ஆராய்வதற்குச் சேலம், நாமக்கல் சமவெளி மிகவும் ஏற்றது. தென்னிந்தியாவின் பழைய முதன்மைப் பாதைகளுள் ஒன்று அதன் ஊடே செல்கிறது. தென்னக ரயில்வேயின் முக்கியமான டீசல் பராமரிப்பு நிலையம் அதன் மேற்கு விளிம்பில் ஈரோட்டில் அமைந்தது. முழுக்க டீசல் காலத்திலேயே திட்டமிட்டுத் திறக்கப்பட்ட புதிய பாதை ஒன்றும் அங்கே உண்டு. மறுபுறம், ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில் போதமலைக்கும் கொல்லிமலைக்கும் இடைப்பட்டுக் கிடக்கும் நாமகிரிப்பேட்டை போன்ற சந்தை ஊர்கள் எந்த ரயிலையும் நேரே காணாமல், டீசலை லாரியின் வடிவிலேயே அறிந்தவை.

சென்னையிலிருந்து மேற்குக் கரையை நோக்கி மதராஸ் ரயில்வே நிறுவனம் அமைத்த அகலப்பாதை 1861-இல் சேலத்தை அடைந்து, 1862-இல் போத்தனூர் வரை நீண்டது. மொரப்பூர், பொம்மிடி, லோக்கூர் வழியாகச் சேர்வராயன் மலையடிவாரத்தைச் சுற்றி இறங்கும் இப்பாதையின் நிலையம் சேலம் நகரினுள் அமையாமல் சூரமங்கலத்தில் அமைந்தது. நீராவி எஞ்சினுக்குத் தேவையான இரு பொருள்களுமே, அதாவது எரிபொருளும் தண்ணீரும், இவ்வட்டாரத்தில் எளிதில் கிட்டாதவை. வங்காளச் சுரங்கங்களிலிருந்து நிலக்கரி கொண்டுவருவது பெருஞ்செலவாக இருந்தமையால் மதராஸ் ரயில்வேயின் தொடக்ககால எஞ்சின்கள் பெரும்பாலும் விறகையே எரித்தன. தண்டவாளத்துக்கு அடியில் இடும் மரக்கட்டைகளுக்கும் எஞ்சின் விறகுக்கும் சேலம் மாவட்ட மலைக்காடுகள் வெட்டப்பட்டன. 1856-இல் சென்னை மாகாணத்தின் காடுகளுக்குக் காப்பாளராக அமர்த்தப்பட்ட ஹியூ கிளெக்கார்னின் கவலைகளுள் ரயில்வேயின் மரத்தேவையும் ஒன்று. 1882-இன் சென்னை வனச்சட்டத்துக்கு இட்டுச்சென்ற விவாதங்களிலும் அத்தேவை நிழலாடியது. பின்னர்க் கரி வந்தபோதும், மழை பொய்க்கும் இந்த மேட்டுச் சமவெளியில் குறிப்பிட்ட தொலைவுக்கு ஒருமுறை எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றும் ஏற்பாட்டை ஆண்டு முழுவதும் நிலைநிறுத்துவது நிர்வாகத்தின் தீராத பொறுப்பாகவே இருந்தது.

நீராவி எஞ்சினின் செலவு எரிபொருளோடு நிற்கவில்லை. கரியிலுள்ள ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சக்கரத்தை அடைந்தது. குளிர்ந்து கிடக்கும் கொதிகலனில் ஆவி ஏற்றப் பல மணி நேரம் பிடித்தது. ஓட்டம் முடிந்ததும் சாம்பலை அகற்றவும், குறித்த இடைவெளியில் கொதிகலனைக் கழுவவும் எஞ்சினை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. இதனால் ஒரு எஞ்சின் நாளின் பெரும்பகுதியை ரயிலை இழுக்காமல் பணிமனையிலேயே கழித்தது. சுதந்திரத்துக்குப் பின் ஐந்தாண்டுத் திட்டங்கள் எஃகு, சிமெண்ட், நிலக்கரி ஆகியவற்றின் போக்குவரத்தைப் பெருக்கியபோது, இந்த வீண்நேரமே ரயில்வேயின் முதன்மைத் தடையாகத் தெரிந்தது.

இதற்கு இரு மாற்றுகள் இருந்தன. மின்மயமாக்கம் முதலாவது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் பாதையில் 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. ஆனால் மேல்நிலைக் கம்பிகளையும், அவற்றைத் தாங்கும் கம்பங்களையும், இடையிடையே துணைமின் நிலையங்களையும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அமைத்த பிறகே மின் எஞ்சின் ஓட இயலும். அதற்கான முதலீட்டை ஒரே மூச்சில் செலவிட வேண்டும். மின்சாரமோ அப்போது தொழிற்சாலைகளுக்கே போதாமல் இருந்தது. இரண்டாவது மாற்று டீசல். ரயில்வே பயன்படுத்திய பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் எண்ணெயில் இயங்கும் பொறி சக்கரங்களை நேரே சுழற்றுவதில்லை. அது ஒரு மின்னாக்கியை இயக்க, அதில் பிறக்கும் மின்சாரம் அச்சுகளோடு இணைந்த இழுவை மோட்டார்களைச் சுழற்றுகிறது. எனவே டீசல் எஞ்சின் என்பது தனக்கு வேண்டிய மின்நிலையத்தைத் தானே சுமந்து செல்லும் மின்சார எஞ்சினே ஆகும். கம்பியும் வேண்டாம், வழிநெடுகத் தண்ணீரும் வேண்டாம், இருக்கும் தண்டவாளத்தில் மறுநாளே ஓடலாம் என்னும் இந்த விடுதலையே அதன் முழு வலிமை. பின்னாளில் அதன் பலவீனமாக முடிந்ததும் அதுவே.

அகலப்பாதையின் முதன்மை ரயில்களுக்கான டீசல் எஞ்சின்கள் இந்தியாவுக்கு 1957-இல் வரத் தொடங்கின. அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் வழங்கிய அவ்வகைக்கு டபிள்யூ.டி.எம்.-1 எனப் பெயரிடப்பட்டது. முதலெழுத்து அகலப்பாதையையும், இரண்டாமெழுத்து டீசலையும், மூன்றாமெழுத்து பயணி, சரக்கு ஆகிய இரு பணிகளுக்கும் ஏற்றது என்பதையும் குறிக்கும். மீட்டர் பாதை எஞ்சினாயின் முதலெழுத்து ஒய் ஆகும். 1962-இல் அதே நிறுவனத்தின் 2,600 குதிரைத்திறன் கொண்ட டபிள்யூ.டி.எம்.-2 வந்தது. பதினாறு உருளைகளைக் கொண்ட பொறியும் ஆறு இழுவை மோட்டார்களும் உடைய இவ்வகையை உள்நாட்டிலேயே கட்டுவதற்காக வாரணாசியில் நிறுவப்பட்ட டீசல் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ், 1964 ஜனவரியில் தன் முதல் எஞ்சினை வெளியிட்டது. 1969-இல் ஆல்கோ எஞ்சின் கட்டும் தொழிலைக் கைவிட்டது. ஆயினும் அதன் வடிவமைப்பு கங்கைக் கரையில் மேலும் பல பத்தாண்டுகள் திருத்தங்களோடு வாழ்ந்தது. டபிள்யூ.டி.எம்.-2 வகையில் மட்டும் இரண்டாயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட எஞ்சின்கள் கட்டப்பட்டன. தாய் நிறுவனம் மறைந்த பின்னும் உதிரிபாகங்களையும் பராமரிப்பு அறிவையும் உள்நாட்டிலேயே வளர்த்துக்கொண்டதால், இந்திய டீசல்மயமாக்கம் வெறும் இறக்குமதியாக நின்றுவிடாமல் ஒரு தொழில்மரபாக வேரூன்றியது.

சேலம் வட்டாரத்தில் அந்த மரபின் இருப்பிடம் ஈரோடு. 1962-இல் தொடங்கப்பட்ட ஈரோடு டீசல் லோகோ ஷெட், சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்கும் கேரளத்துக்கும் செல்லும் பாதையும், கரூர் வழியே திருச்சிராப்பள்ளிக்குப் பிரியும் பாதையும் கூடுமிடத்தில் அமைந்தது. நீராவிக் கொட்டகையின் வேலை கரியும் சாம்பலும் கொதிகலனும் சார்ந்தது; டீசல் ஷெட்டின் வேலையோ எரிபொருள் தெளிப்பான், காற்றை அழுத்திப் பொறிக்குள் செலுத்தும் டர்போ சார்ஜர், மின்னாக்கி, இழுவை மோட்டார் என நுண்கருவிகளைச் சார்ந்தது. ஆகவே பழைய தொழிலாளர்கள் மறுபயிற்சி பெற வேண்டியிருந்தது. எஞ்சினுக்குள் கரி வாரிப் போட்ட ஃபயர்மேனின் வேலை மறைந்து, டீசல் அசிஸ்டென்ட் என்னும் புதுப்பணி பிறந்தது. இரண்டு எஞ்சின்களைக் கம்பிவடத்தால் இணைத்து ஒரே டிரைவர் இயக்கும் முறை, முன்பு ஒவ்வொரு நீராவி எஞ்சினுக்கும் தனிக்குழு தேவைப்பட்ட நிலையை மாற்றி ஆள்செலவைக் குறைத்தது. பெரும் பழுதுநீக்கத்துக்குத் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைப் பணிமனை இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து 1920களில் அங்கு மாற்றப்பட்ட அப்பணிமனை, தென்னிந்திய ரயில்வேயின் நீராவி எஞ்சின்களைப் பேணிவந்த தன் அனுபவத்தின் மேல் டீசல் அறிவையும் ஏற்றிக்கொண்டது.

மாற்றத்தின் வேகத்தை நாடளாவிய எண்ணிக்கைகள் காட்டுகின்றன. 1950-51-இல் இந்திய ரயில்வேயிடம் நீராவி எஞ்சின்கள் 8,120-உம் டீசல் 17-உம் மட்டுமே இருந்தன. 1970-71-இல் நீராவி 9,387, டீசல் 1,169. 1980-81-இல் நீராவி 7,469, டீசல் 2,403. 1990-91-இல் நீராவி 2,915 ஆகச் சுருங்க, டீசல் 3,759 ஆக உயர்ந்து முன்னே சென்றது. சித்தரஞ்சன் தொழிற்சாலை 1972-இல் நீராவி எஞ்சின் கட்டுவதை நிறுத்தியது; அகலப்பாதையில் நீராவியின் வழக்கமான ஓட்டம் 1995-இல் முடிவுற்றது. அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையால் 1973-இல் விலை பன்மடங்கு உயர்ந்து, 1979-இல் மீண்டும் உயர்ந்தபோதுகூட டீசல் எஞ்சின்களின் எண்ணிக்கை தளராமல் பெருகியது. எண்ணெய் விலை ஏறியும் நீராவிக்குத் திரும்பும் வழி இல்லாதிருந்ததும், மின்கம்பி இன்னும் தொலைவில் இருந்ததும் இதற்குக் காரணங்கள். ஆயினும் அந்த நெருக்கடியே மின்மயமாக்கத்தை விரைவுபடுத்த வேண்டும் என்னும் எண்ணத்தை ரயில்வே வாரியத்தில் வலுப்படுத்தியது.

1980களில் சென்னையிலிருந்து அரக்கோணம் வழியே மேற்கு நோக்கி நகர்ந்த மின்கம்பி, 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சேலத்தையும் ஈரோட்டையும் எட்டியது. இழுவைத்திறனில் வேறுபாடு உடனே புலப்பட்டது: டபிள்யூ.டி.எம்.-2 தரும் 2,600 குதிரைத்திறனுக்கு எதிராக, சித்தரஞ்சனில் கட்டப்பட்ட டபிள்யூ.ஏ.எம்.-4 என்னும் மின் எஞ்சின் 3,640 குதிரைத்திறன் தந்தது. தன் மின்நிலையத்தைச் சுமக்கத் தேவையில்லாத எஞ்சின், ஏறத்தாழ அதே எடையில் கூடுதல் வலிமை பெறுவது இயல்பே. இதன் பின் ஈரோடு, கம்பி முடியும் எல்லையாக மாறியது. சென்னையிலிருந்து மின்சாரத்தில் வந்த ரயில்கள் அங்கே எஞ்சின் மாற்றிக்கொண்டு டீசலில் மேற்குக்கும் தெற்குக்கும் சென்றன. ஒவ்வொரு எஞ்சின் மாற்றத்துக்கும் செலவான நேரம், கம்பியை அடுத்த சந்திப்பு வரை நீட்ட வேண்டும் என்பதற்கான வாதமாகவே பயன்பட்டது. கம்பி ஓர் இடத்தை அடைந்தபின் அங்கேயே நிற்க இயலாது என்பதை இந்நிலை உணர்த்தியது.

அதே காலத்தில் டீசலுக்கு மற்றொரு களம் திறந்தது. 1992-இல் தொடங்கிய ஒரே அகலத் திட்டம், நாட்டின் மீட்டர் பாதைகளை அகலப்பாதைகளாக மாற்ற முனைந்தது. சேலத்தில் அகலப்பாதையும் விருத்தாசலம் நோக்கிய மீட்டர் பாதையும் சந்தித்தமையால், ஒரு பாதையில் வந்த சரக்கைக் கைகளால் இறக்கி மற்றொரு பாதையின் வேகன்களில் ஏற்ற வேண்டிய தொல்லை நெடுங்காலம் நீடித்திருந்தது. ஓமலூர், தருமபுரி வழியே பெங்களூரு செல்லும் பாதை 1990களிலும், ஆத்தூர் வழியே விருத்தாசலம் செல்லும் பாதை 2000களிலும் அகலமாயின. இப்பாதைகளில் முன்பு 1,400 குதிரைத்திறனை ஒட்டிய ஒய்.டி.எம்.-4 எஞ்சின்கள் ஓடின. அகலமான பின், முதன்மைப் பாதையில் கம்பி வந்ததால் விடுபட்ட பெரிய டீசல்கள் அவ்விடத்தை நிரப்பின. இவ்வாறு முதன்மைப் பாதையில் இழந்ததைக் கிளைப்பாதையில் பெற்றுக்கொண்டதால், டீசலின் இறக்கம் தொடங்கிய பின்னும் அதன் எண்ணிக்கை 2000-01-இல் 4,702 ஆகவும், 2010-11-இல் 5,137 ஆகவும் வளர்ந்துகொண்டே இருந்தது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத் தொழில்நுட்பத்தில் 4,000 குதிரைத்திறன் கொண்ட டபிள்யூ.டி.ஜி.-4 வகை 1999 முதல் இறக்குமதியாகி, பின்னர் வாரணாசியிலேயே கட்டப்பட்டதும் இந்தக் காலத்தில்தான். ஒரு தொழில்நுட்பம் தன் உச்சத்திறனை அடையும் காலமும் அதன் தேவை சுருங்கும் காலமும் ஒன்றாக அமைவது வரலாற்றில் அரிதன்று.

இவ்வட்டாரத்தில் டீசல் காலத்தின் கடைசிப் பெரும் படைப்பு சேலம், கரூர் புதிய பாதை. 1997 ஜனவரியில் சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, அதன் தலைநகருக்கு ரயில் நிலையமே கிடையாது. மல்லூர், ராசிபுரம், புதுச்சத்திரம், நாமக்கல், மோகனூர் வழியே காவிரியைக் கடந்து கரூரை அடையும் ஏறத்தாழ 85 கிலோமீட்டர் பாதை 2013 மே மாதத்தில் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. கம்பி இன்றித் திறக்கப்பட்ட அப்பாதையில் தொடக்க ரயில்களை டீசல் எஞ்சின்களே இழுத்தன. நாமகிரிப்பேட்டை மக்களுக்கு அருகிலுள்ள ரயில் நிலையமாக ராசிபுரம் அமைந்ததும் அப்போதுதான். அதற்கு முன் அவர்கள் சேலத்துக்கோ, கிழக்கே ஆத்தூருக்கோ பேருந்தில் சென்றே ரயிலேறினர்.

ஆனால் ரயில் வந்தபோது சரக்கு அதற்காகக் காத்திருக்கவில்லை. நாமகிரிப்பேட்டையில் ஏலம் போகும் மஞ்சளும், சுற்றுவட்டார மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கப்படும் ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும், நாமக்கல் கோழிப்பண்ணைகளின் முட்டையும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே லாரிக்குப் பழகியிருந்தன. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய ஊர்கள் லாரித் தொழிலின் மையங்களாக வளர்ந்தன. நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் பெருகின. அங்கிருந்து சமையல் எரிவாயு டேங்கர்கள் நாடெங்கும் ஓடின. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் மாநில எல்லைகளைக் கடந்து வேலை தேடிச் சென்றன. பருவமழையை நம்பும் வறண்ட நிலத்தில் உழவு மட்டும் பிழைப்பாகாது என்ற நிலையில், உறவினர் கூட்டாகப் பணம் திரட்டி ஒரு வண்டி வாங்குவது இங்கே முதலீட்டு வழியாயிற்று. ரயில்வே சரக்குக்கு முழு ரேக், அதாவது ஒரு ரயில் நிறைய ஒரே சரக்கு வேண்டும். நிலையம் வரை கொண்டுவந்து ஏற்றி, மறுமுனையில் மீண்டும் இறக்கிச் சாலையில் கொண்டுசெல்ல வேண்டும். மகாராஷ்டிரத்தின் நோன்புநாள் சமையலுக்குச் செல்லும் ஜவ்வரிசி மூட்டையோ கிட்டங்கி வாசலில் ஏறி, வாங்குவோர் கடை வாசலில் இறங்க வேண்டியது. இத்தேவையை நிறைவேற்றியதும் டீசல் பொறியே. தண்டவாளத்தில் ஓடும் டீசலுக்கும் சாலையில் ஓடும் டீசலுக்கும் நடந்த போட்டியில், இந்தச் சமவெளியில் சாலையே வென்றது. ஆகவே ரயில் டீசலின் வரலாற்றை மின்கம்பியோடு மட்டும் ஒப்பிட்டு எழுதுவது முழுமையாகாது.

தண்டவாளத்தில் இறுதி முடிவை எடுத்தது அரசின் கொள்கை. இந்திய ரயில்வே ஆண்டுக்கு 250 கோடி லிட்டருக்கும் மேல் டீசல் எரித்த நிலையில், நாட்டின் கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இறக்குமதியாகியது. எஞ்சியுள்ள அகலப்பாதைகள் அனைத்தையும் மின்மயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2018 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. வாரணாசித் தொழிற்சாலை இரு டீசல் எஞ்சின்களை மின் எஞ்சினாக மாற்றி அமைத்த இணை, 2019 பிப்ரவரியில் பிரதமரால் கொடியசைத்து அனுப்பப்பட்டது. 2020-இல் அத்தொழிற்சாலையின் பெயரிலிருந்தே டீசல் நீங்கி, அது பனாரஸ் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் ஆனது. சேலத்திலிருந்து கரூர், விருத்தாசலம், பெங்களூரு நோக்கிச் செல்லும் பாதைகளிலும் 2010களின் இறுதி முதல் 2020களின் தொடக்கத்துக்குள் கம்பி ஏறியது. ராசிபுரம் வழியே டீசலுக்கென வந்த பாதை பத்தாண்டுக்குள் டீசலைத் துறந்தது. 2025-இல் நாட்டின் அகலப்பாதையில் 98 விழுக்காட்டுக்கும் மேல் மின்மயமாகியிருந்தது.

இக்கொள்கைக்கு ஒரு முரணும் உண்டு. ஒரு டீசல் எஞ்சினின் விதிக்கப்பட்ட ஆயுள் 36 ஆண்டுகள். 2015-இல் கட்டப்பட்டது 2051 வரை ஓட வேண்டியது. அதே 2015-இல்தான் பீகாரின் மர்ஹௌராவில் ஆயிரம் புதிய டீசல் எஞ்சின்கள் கட்டித்தர ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தோடு ஒப்பந்தமாயிற்று. உள்நாட்டில் தேவை சுருங்கிய பின் அத்தொழிற்சாலை வெளிநாட்டை நோக்கியது. 2025 ஜூனில் அதன் எஞ்சின் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டுக்கு அனுப்பப்பட்டது. மேலும், மின்சாரம் என்பது எண்ணெய் இறக்குமதியைக் குறைத்தாலும் புகையை முற்றிலும் நீக்கிவிடவில்லை. சேலத்திலிருந்து மேட்டூர் அணை செல்லும் கிளைப்பாதை வழியே நிலக்கரி இன்றும் ரேக் ரேக்காக மேட்டூர் அனல்மின் நிலையத்துக்குச் செல்கிறது. நீராவி எஞ்சினின் அடுப்பில் எரிந்த பொருள் இப்போது மின்நிலையத்தின் கொதிகலனில், முன்னைவிடச் சிக்கனமாக எரிகிறது.

பாக்கு நீரிணையின் மறுகரையில் வரலாறு வேறுவிதமாக நின்றுவிட்டது. இலங்கை ரயில்வே 1950களிலேயே டீசலுக்கு மாறத் தொடங்கி, கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய எம்-2 வகை எஞ்சின்களை இன்றளவும் பேணிவருகிறது. அங்கே எந்தப் பாதையிலும் மின்கம்பி இல்லை. 2014-இல் மீண்டும் யாழ்ப்பாணத்தை எட்டிய வடக்குப் பாதையிலும் டீசலே ஓடுகிறது. வாரணாசியில் கட்டப்பட்ட எஞ்சின்களும் அத்தீவின் ரயில்வேயில் இடம்பெற்றுள்ளன. போக்குவரத்து அடர்த்தி குறைந்த நாட்டில் கம்பிக்கான முதலீடு திரும்பக் கிடைப்பது அரிது என்பதால், கம்பி வேண்டாத எஞ்சினே அங்கு நிலைத்தது.

இவ்விரு கரைகளையும் ஒப்பிட்டு நோக்கினால், டீசல் எஞ்சினின் எழுச்சிக்கும் இறக்கத்துக்கும் ஒரே காரணம் புலப்படுகிறது. அது எப்போதும் உள்கட்டமைப்பின் பற்றாக்குறையை ஈடுசெய்த எஞ்சின்: தண்ணீரும் கரியும் அரிதான மேட்டுநிலத்தில், கம்பி இழுக்கப் பணமில்லாத பாதையில், ஆளும் நேரமும் மிச்சப்பட வேண்டிய காலத்தில் அது வந்தது, பற்றாக்குறை நீங்கிய இடங்களில் ஒவ்வொன்றாக விலகியது. பேரிடர், பாதுகாப்புத் தேவைகளுக்கெனச் சில எஞ்சின்களை இருப்பில் வைக்க ரயில்வே இன்றும் விரும்புவதும், கம்பி அறுந்துபோகும் வேளையில் வேறு துணை இல்லை என்பதால்தான். ரயிலின் கம்பி எட்டாத சாலைகளில் லாரிகள் மஞ்சளையும் ஜவ்வரிசியையும் ஏற்றிச்செல்லும் வரை, சேலம், நாமக்கல் சமவெளியில் டீசலின் வரலாறு முடிந்துவிட்டதாகக் கொள்ள இயலாது. தண்டவாளத்தைப் பொறுத்தவரையில் மட்டுமே அது முடிவை நெருங்கியிருக்கிறது.